ரோவன் மரம்: கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, மகள் ஸ்காட்லாந்தில் இருக்கிறாள். வாசல் மரத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். வேப்பிலை மாதிரி இலை, கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பழம். என்ன மரம்?

ரோவன், தாயி. வேம்புக்குச் சொந்தமில்லை, ரோஜா, ஆப்பிள் குடும்பம். ஈர்க்கின் நுனியைப் பாருங்கள். ரோவனில் 4 முதல் 9 ஜோடி சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக ஒன்று. வேம்பில் அந்த ஒற்றை பல நேரம் இருக்காது, சிற்றிலையும் ஒருபக்கமாக வளைந்திருக்கும். பழம் அச்சு அசல் குட்டி ஆப்பிள்தான்.

ஆனால் பச்சையாகத் தின்ன வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அதிலுள்ள பாராசார்பிக் அமிலம் வயிற்றைப் புரட்டும். வேகவைத்தால் அது சார்பிக் அமிலமாகிவிடும், கெடுதல் இல்லை. அதனால்தான் அங்கே ஜெல்லி காய்ச்சி இறைச்சியோடு தொட்டுக்கொள்கிறார்கள். சார்பிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்ததே இந்தப் பழத்திலிருந்துதான், 1859இல், ஹாஃப்மன் என்ற வேதியியலாளர். நம் கடைப் பழரசப் புட்டியில் 202 என்று போட்டிருப்பது, ரசம் கெடாமலிருக்கச் சேர்க்கும் அந்த அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. இப்போது ஆலையில் செய்கிறார்கள்.

தென்காசி: நம்மூரில் வளருமா?

வளராது. விதை முளைக்கவே மாதக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும்.

களக்காடு: மவுண்டன் ஆஷ் என்பதும் இதுதானா?

ஐரோப்பாவில் ஆமாம். ஆஸ்திரேலியாவில் அதே பெயர் ஒரு யூகலிப்டஸ் மரத்துக்கு. பெயரை நம்பிப் பழம் பறிக்காதீர்கள்.

பாளையங்கோட்டை: அங்கேயும் சூனியத்துக்குப் பயந்து ரோவனை வாசலில் வைப்பார்களாமே. நாம் வேப்பிலை கட்டுவதுதான் அங்கே போயிருக்கிறது.

இல்லை தம்பி. ரோவன் குச்சிகளைச் சிவப்பு நூலால் சிலுவையாகக் கட்டி வீட்டிலும் தொழுவத்திலும் வைப்பார்கள். அவர்கள் நம்பியது பழத்தின் சிவப்பை. நாம் நம்புவது இலையின் கசப்பை.

பாளையங்கோட்டை: இலை ஒத்திருக்கிறதே, அண்ணாச்சி?

புளிய இலையும் வாகை இலையும்கூடத்தான் ஒத்திருக்கின்றன. அதற்காகப் புளியை வாகையில் தேடுவோமா? வேம்பு வளராத நாட்டில், கண்ணெதிரே நிற்கும் மரத்தை அந்த மக்கள் தாங்களே காவலாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

வள்ளியூர்: மாஞ்சோலையில் வளருமா?

மாஞ்சோலைக் குளிரும் போதாது. தென்காசிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேரன்மகாதேவி: இந்தியாவில் இதன் சொந்தங்கள் உண்டா?

இமயமலையில் உண்டு. காஷ்மீர் இனத்தின் பழம் பால்வெள்ளை. நல்ல கேள்வி.

கடையம்: தொட்டியில் வைத்தால்?

வளராது.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, பேத்தி நாலைந்தைத் தின்றுவிட்டதாம்!

பயப்படாதீர்கள் தாயி, நாலைந்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. தண்ணீர் குடிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் உடனே டாக்டரிடம் போகட்டும். ஒரு கொத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டட்டும்.