ஸ்குரூட்டினியர்: ஆய்வாளரா, முகவரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியத் தேர்தல் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதில் வரும் 'ஸ்குரூட்டினியர்' என்ற சொல்லுக்கு 'வாக்கு ஆய்வாளர்' என்று போட்டேன். அடுத்த பத்தியிலேயே, இவர்கள் வாக்குச்சீட்டைத் தொடக்கூடாது என்று இருக்கிறது. தொடாமல் எதை ஆய்வது? சரியான சொல் எது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இடறிய இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்குரூட்டினியர் தேர்தல் அலுவலர் அல்லர், வேட்பாளர் எழுத்துமூலம் நியமிக்கும் ஆள். எண்ணும் இடத்தில் நின்று பார்ப்பார். ஒரு சீட்டு செல்லுமா செல்லாதா என்பதில் ஆட்சேபம் சொல்லலாம். முடிவெடுப்பது அலுவலர்.

இந்தியாவில் இதற்கு நிகரானவர், வேட்பாளர் படிவம் 18-இல் நியமிக்கும் வாக்கு எண்ணிக்கை முகவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியின் முத்திரையைப் பார்ப்பதும், அது காட்டும் மொத்தத்தை, வாக்குச்சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யுடன் ஒப்பிடுவதும் அவர் வேலை. எனவே உங்கள் கட்டுரைக்கு 'முகவர்'தான் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் இவர் வாக்குப்பதிவின்போதும் இருக்கலாம் என்பதால், பொதுவாக வரும் இடங்களில் 'வேட்பாளரின் முகவர்' என்று எழுதுங்கள்.

'ஆய்வாளர்' வேறொரு வகையிலும் குழப்பும். காவல் ஆய்வாளர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது அதிகாரியைக் குறிக்கும். 'தேர்தல் ஆய்வாளர்' என்றாலோ, தொலைக்காட்சியில் முடிவுகளை அலசுபவர் நினைவுக்கு வருவார்.

ஆனால் போப்பாண்டவர் தேர்தலில் இதே சொல் வந்தால் 'முகவர்' பெருந்தவறு. அங்கே கர்தினால்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படும் மூவர் அவர்கள். முதலாமவர் சீட்டைப் பிரித்துப் பெயரைக் குறித்துக்கொண்டு இரண்டாமவரிடம் தருவார். அவரும் அப்படியே செய்து மூன்றாமவரிடம் தருவார். மூன்றாமவர் உரக்கப் படித்து, சீட்டை ஊசியால் குத்தி நூலில் கோப்பார். யார் சார்பிலும் நிற்பவர்கள் அல்லர் என்பதால் 'வாக்கு எண்ணுநர்' சரி. எண்ணிக்கையைச் சரிபார்க்க வேறு மூவர் உண்டு. 'சரிபார்ப்பவர்' என்ற சொல்லை அவர்களுக்கு விட்டுவையுங்கள்.

இந்திய நிறுவனங்கள் பங்குதாரர்களிடம் நடத்தும் மின்வாக்கெடுப்பில் வரும் 'ஸ்குரூட்டினைசர்' இன்னொருவர். இயக்குநர் குழு நியமித்தாலும் அவர் நிறுவனத்தின் ஊழியராக இருக்கக்கூடாது. ஊழியரல்லாத இரு சாட்சிகளாவது உடன் இருக்கும்போதுதான் அவர் வாக்குகளைத் திறக்க வேண்டும். அவருக்கு 'வாக்குப் பரிசீலகர்' எனலாம். வேட்புமனு பரிசீலனை என்று ஏற்கெனவே வழங்கிவரும் சொல்லிலிருந்தே இது கிடைக்கிறது.

ஆகவே சொல்லைத் தேடுமுன் இரண்டைப் பாருங்கள்: அவரை நியமித்தவர் யார், சீட்டில் அவர் கை படுமா. குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டு இதில் எவ்வளவு கவனமாக இருக்கிறது! குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்கிறது.