தம்பியைப் பற்றி வீட்டில் நான்கு கருத்து

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று சில மாதங்களுக்கு முன் வீட்டில் சொல்லிவிட்டான். அன்று முதல் வீடு நான்காகப் பிரிந்து கிடக்கிறது. அம்மா ஜெபக் குழுவில் தீவிரமாக இருப்பவர். இது பாவம், உபவாசம் இருந்து ஜெபித்தால் கர்த்தர் மாற்றுவார் என்கிறார். அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. ஆனால் இது மனநோய், டாக்டரிடம் காட்டிவிட்டுச் சீக்கிரம் ஒரு கல்யாணத்தை முடித்தால் சரியாகிவிடும் என்கிறார். என் கணவர் இஸ்லாமியர். எங்கள் மார்க்கத்தில் இதற்கு அனுமதியில்லை, அதற்காக அவனை விரட்டவும் கூடாது என்பது அவர் பேச்சு. எனக்கு இதில் தவறே தெரியவில்லை. சேர்ந்து உட்கார்ந்தாலே சண்டை. தம்பி வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். மதங்கள் உண்மையில் என்னதான் சொல்கின்றன? எல்லோரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவர என்ன செய்யட்டும், அக்கா?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே கருத்துக்குக் கொண்டுவர முடியாது. அதற்காக நீங்கள் படும் பாட்டை இன்றோடு விட்டுவிடலாம்.

சோர்ந்துபோகாதீர்கள். இதைவிடப் பெரிய வேறுபாட்டோடு உங்கள் குடும்பம் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறது. இயேசு தேவனுடைய குமாரன் என்பது உங்கள் அம்மாவின் விசுவாசத்துக்கு ஆணிவேர். உங்கள் கணவருக்கோ அவர் ஈஸா நபி. மதிப்புக்குரிய இறைத்தூதர், ஆனால் இறைமகன் இல்லை. இந்த இரண்டையும் சமரசம் செய்ய எந்தப் பண்டிதராலும் ஆகாது. ஆனாலும் உங்கள் அம்மா மருமகனை ஏற்றுக்கொண்டார். அவர் நம்பிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை, அவரை ஏற்றுக்கொண்டார். அவரைக் குணப்படுத்தப் பார்க்கவில்லை, வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. மருமகனுக்குக் கிடைத்தது பெற்ற மகனுக்கு ஏன் கிடைக்கக்கூடாது? அம்மாவிடம் தனியாக இருக்கும்போது, சண்டைக்குரலில் இல்லாமல், இதைக் கேளுங்கள். எந்த வசனத்தையும்விட இது அவர் மனதில் இறங்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து உங்கள் அப்பா. நான்கு பேரில் அவர் சொல்வதுதான் நேரடியாகத் தவறு. பாவமா இல்லையா என்பது நம்பிக்கை சார்ந்தது. நோயா இல்லையா என்பது அப்படி இல்லை. தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018-ல் அறிவித்திருக்கிறது. இதையெல்லாம் மாற்றித் தருவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சை மருத்துவருக்குரிய நடத்தை அல்ல, தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் அப்பா தேடும் டாக்டர், நல்ல டாக்டராக இருந்தால், அப்பாவைத்தான் உட்காரவைத்துப் பேசுவார். 'சரிசெய்து தருகிறேன்' என்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் தம்பியை அழைத்துப்போக விடாதீர்கள்.

மருத்துவ ஆணையத்தின் அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். தன் பாலினத்தவரையே விரும்பிய இரண்டு பெண்கள், பெற்றோரிடமிருந்து பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு 2021 ஜூனில் அவர் பிறப்பித்த உத்தரவில்தான், 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்கு முதலில் தடை வந்தது. கற்றறிந்த ஒரு நீதிபதியால் 'எனக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள்' என்று கேட்க முடியுமென்றால் அப்பாவாலும் முடியும். அவர் கேட்க வேண்டிய ஆள் வெளியில் இல்லை. அவர் பெற்ற பிள்ளைதான்.

கல்யாணப் பேச்சைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது, மறைக்க விரும்பவில்லை. வீட்டில் இத்தனை வாதம் நடக்கிறதே, அந்தக் கல்யாணத்தில் மணமகளாக வந்து உட்காரப்போகும் பெண்ணைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா? தன்னிடம் எந்தக் குறையும் இல்லாதபோதே தன்னை விரும்பாத ஒருவனோடு அவள் ஆயுளைக் கழிக்க வேண்டும். காரணம் தெரியாமல் தன்னையே நொந்துகொள்வாள். உங்களுக்கு ஒரு மகள் இருந்து அவளுக்கு இப்படி ஒரு வீடு செய்தால் சும்மா இருப்பீர்களா? பாவம் என்று அம்மா பயப்படுகிறாரே, தெரிந்தே ஒரு பெண்ணை ஏமாற்றுவது எந்த மதத்தில் புண்ணியம்?

இனி மதங்கள் என்ன சொல்கின்றன என்பது. பூசி மெழுக மாட்டேன். கிறிஸ்தவ மரபின் பெரும்பகுதி நெடுங்காலமாக இதைத் தவறு என்றே போதித்து வந்திருக்கிறது. லேவியராகமம் 18-ம் அதிகாரமும் ரோமர் முதல் அதிகாரமும் உங்கள் அம்மாவின் பைபிளிலும் இருக்கின்றன. அவர் எதையும் கற்பனை செய்து சொல்லவில்லை. ஆனால் அதே பைபிளில் எசேக்கியேல் 16-ம் அதிகாரத்தில், இந்தப் பாவத்துக்காகவே அழிந்ததாகப் பலர் சொல்லும் சோதோம் நகரம் செய்த அக்கிரமம் என்ன என்று பட்டியல் வருகிறது. பெருமை, உணவு மிதமிஞ்சிய வாழ்க்கை, ஏழையையும் எளியவனையும் தாங்காமல் விட்டது. அந்த வசனத்தை ஜெபக் குழுக்களில் அதிகம் கேட்டதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1992 மறைக்கல்வி நூல், ஒரே பாலினத்தார் உறவு கொள்வதை ஏற்கவில்லை. அதே இடத்தில், இப்படிப்பட்டவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது என்றும் சொல்கிறது. போப் பிரான்சிஸ் காலத்தில், 2023 டிசம்பரில், அப்படிப்பட்ட இணையருக்குச் சடங்கு முறையின்றி ஆசி வழங்கலாம் என்று வத்திக்கான் சொன்னது. அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் எங்கள் நாடுகளில் அது நடக்காது என்றார்கள். புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான ஐக்கிய மெதடிஸ்ட் சபை, இது கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று 1972-ல் தன் சட்டத்தில் எழுதிய வரியை 2024-ல் நீக்கியது. அந்தச் சண்டையில் அமெரிக்காவில் மட்டும் அதன் சபைகளில் சுமார் நான்கில் ஒரு பங்கு பிரிந்துபோயின. ஒரே கர்த்தரைத் தொழுகிறவர்களே இப்படிப் பிரிந்து நிற்கும்போது, உங்கள் வீடு பிரிந்து நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மாவின் ஜெபத்தைத் தடுக்காதீர்கள், அது அவர் உரிமை. 'இவனை மாற்று' என்பதற்குப் பதில் 'இவனைக் காப்பாற்று' என்று ஜெபிக்க அவரால் முடிந்தால் அதுவே பெரிய தூரம். மாற்றுவோம் என்று கிளம்பிய கிறிஸ்தவ அமைப்புகளில் உலகளவில் மிகப் பெரிதாக இருந்தது எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். 2013-ல் அதன் தலைவரே, தங்களால் காயப்பட்டவர்களிடம் மன்னிப்பு கேட்டு அமைப்பை மூடிவிட்டார். ஜெபமும் உபவாசமும் ஊக்கமும் குறைந்ததால் அவர்கள் தோற்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் கட்டாயம் சொல்லுங்கள்: அவர் வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை. பெரும்பாலான தாய்மார்கள் வெளியில் சொல்லாமல் உள்ளுக்குள் அழுவது இதற்காகத்தான். வளர்ப்பால் இந்த ஈர்ப்பு வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

உங்கள் கணவர் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆண்கள் ஆண்களை நாடியதைக் கண்டித்த லூத் நபியின் மக்கள் வரலாற்றை வைத்து, இஸ்லாமியச் சட்ட மரபுகள் இந்த உறவைத் தடுத்தே வந்திருக்கின்றன. வேறு விதமாகப் பொருள் கொள்ளும் அறிஞர்கள் இன்று இருக்கிறார்கள், ஆனால் சிறுபான்மையினர். மனதில் எழும் ஈர்ப்பு வேறு, செயல் வேறு, ஈர்ப்புக்காக ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று பிரித்துப் பார்ப்போர் மரபானவர்களிலும் உண்டு. தம்பிக்கு இந்தப் பிரிவு போதுமா? போதாது, அவனுக்கும் துணை வேண்டும். ஆனால் விரட்டக்கூடாது என்று உங்கள் கணவர் நிற்கும் இடம் உறுதியான இடம். பிறர் அந்தரங்கத்தைத் துருவாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்று குர்ஆனின் 49-ம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. சொந்தக்காரர்கள் மத்தியில் இந்தப் பேச்சு கிளம்பினால் அதை நிறுத்தும் தெம்பு உங்கள் கணவருக்கு அங்கிருந்தே கிடைக்கும். அவரை எதிரணியில் வைக்காதீர்கள்.

மற்ற மதங்களிலும் இதே கதைதான். மனுஸ்மிருதியில், ஆணோடு கூடிய ஆணுக்கு உடுத்திய ஆடையோடு நீராடுவது பரிகாரம். பெண்களுக்கு அதே நூல் கடுமையாகத் தண்டனை சொல்கிறது. எனக்குப் பிடித்த சம்பவம் யூதர்களிடம் நடந்தது. அவர்களில் கன்சர்வேட்டிவ் எனப்படும் பிரிவின் சட்டக்குழு 2006 டிசம்பரில் கூடியது. இது கூடாது என்னும் தீர்ப்பையும், பெரும்பாலான தடைகளை விலக்கும் தீர்ப்பையும் ஒரே நாளில் ஏற்றது. இரண்டில் எதைப் பின்பற்றினாலும் அவர் எங்களவரே என்றது. வாதம் முடியாமலேயே சேர்ந்திருக்க அவர்கள் ஒரு வழி கண்டார்கள்.

'இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்' என்ற பேச்சும் உங்கள் வீட்டில் வந்திருக்கும். இந்தியாவில் இதைக் குற்றமாக்கிய 377-ம் பிரிவை 1860-ல் எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். திருமண உரிமை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது. அது பாராளுமன்றம் பார்க்க வேண்டிய வேலை என்றது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். யார் எதை வேண்டுமானாலும் நம்பட்டும். தம்பிக்கு என்ன செய்யக்கூடாது என்பதில் மட்டும் நீங்கள் இறங்கி வராதீர்கள். அவனைக் கட்டாயப்படுத்திச் சிகிச்சைக்கோ ஜெபக்கூட்டத்துக்கோ இழுத்துப்போகக் கூடாது. பெண் பார்க்கக் கூடாது. அவன் அனுமதியில்லாமல் உறவினரிடமோ போதகரிடமோ சொல்லக் கூடாது. 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் சொல்வதும் சொல்வதுதான். அவன் இருக்கும்போது அவனை வைத்து விவாதம் நடத்தக் கூடாது. இதற்கு யாரும் தங்கள் வேதத்தை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கணவரையும் சேர்த்துக்கொண்டு அப்பாவிடம் பேசுங்கள். மருமகன் சொன்னால் அப்பா கொஞ்சம் நிதானிப்பார் என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கிய இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது, ஒதுக்கப்படாதவர்களைவிட 8 மடங்குக்கும் அதிகம். அவர்கள் சாகத் துணிந்தது ஈர்ப்பினால் இல்லை, வீட்டினால் என்றே எனக்குத் தோன்றுகிறது. தம்பி வருவதைக் குறைத்துக்கொண்டதை 'கோபமாக இருக்கிறான்' என்று விட்டுவிடாதீர்கள். வாழ்ந்து என்ன என்ற மாதிரி அவன் பேச்சில் ஒரு சொல் விழுந்தாலும் உடனே அவனிடம் போய் இருங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அது அவனை மாற்ற இல்லை, அந்த வேதனையிலிருந்து மீட்க.

உங்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும், தங்கை. அம்மா சொன்னது, அப்பா சொன்னது, கணவர் சொன்னது, நீங்கள் நினைப்பது எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. தம்பி சொன்னது ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அவன் பக்கம்தான் நிற்கிறீர்கள், ஆனால் அவனைக் கேட்டு நிற்கிறீர்களா? அவனுக்குச் சாமி நம்பிக்கை இருக்கிறதா, கோயிலுக்குப் போகவே பயமாகிவிட்டதா என்று தெரியுமா? அவன் மனதில் யாராவது இருக்கிறார்களா? அம்மாவிடம் நீங்கள் வாதாடுவது அவனுக்கு ஆறுதலா, இன்னும் நெருக்கடியா? யாருக்கெல்லாம் தெரியலாம் என்று முடிவு செய்வது அவன் என்பதையும் அவனிடமே சொல்லிவிடுங்கள். சண்டை நடக்கும் வீட்டுக்கு அவனை அழைக்காமல், நீங்கள் அவன் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

அம்மாவுக்கு உங்களைவிட இன்னொரு தாயின் பேச்சு உதவும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் 'ஸ்வீகார்' என்ற குழு இந்தியாவில் இருக்கிறது. 2023-ல் 400-க்கும் மேற்பட்ட பெற்றோர், எங்கள் பிள்ளைகளுக்குத் திருமண உரிமை வேண்டும் என்று தலைமை நீதிபதிக்குக் கடிதமே எழுதினார்கள். அவர்களிலும் ஆரம்பத்தில் அழுதவர்கள், ஆத்திரப்பட்டவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? தம்பி சம்மதித்தால் மட்டும், அம்மாவை அவர்களில் ஒருவரோடு பேசவையுங்கள். பேச்சில் நீங்கள் கூட உட்கார வேண்டாம்.

அன்புடன்,
அக்கா