விட்டுவிட்டு வாய் திறந்து இழுப்பது மூச்சாகுமா?

உங்கள் மாமனார் திடீரெனச் சரிந்து விழுந்தபோது அவ்வப்போது வாயைத் திறந்து காற்றை இழுத்ததால், மூச்சு இருக்கிறது என்று கருதி நெஞ்சை அழுத்தாமல் காத்திருந்தது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தயவுசெய்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆனால் அது உண்மையான மூச்சன்று. இதயம் நின்ற பின்னரும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டில் எஞ்சியிருக்கும் இயக்கத்தால் தாடை அசைந்து, குறட்டை போன்ற ஒலியுடன் இப்படி இழுப்பு வரும். அதனால் நுரையீரலுக்குப் போதிய காற்றும் செல்வதில்லை, உடலில் இரத்தமும் ஓடுவதில்லை.

தட்டிக் கூப்பிட்டும் விழிக்காத ஒருவருக்கு 10 விநாடிக்குள் மார்பு சீராக ஏறி இறங்குவது தெரியவில்லை என்றால், இதயம் நின்றதாகவே கொண்டு, ஆம்புலன்ஸை அழைத்து, கைபேசியை ஸ்பீக்கரில் வைத்தபடி, மார்பின் நடுவிலுள்ள நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறுகையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடக்காமல், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சை முழுவதும் எழவிடுங்கள். அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்பும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். முறிந்த விலா கூடிவிடும். இதயம் துடித்துக்கொண்டிருந்தவரைத் தவறுதலாக அழுத்திவிட்டாலும் பெருங்கேடு நேர்வது அரிது.