குளிர்காலத்தில் குளத்து மீனுக்கு என்ன போடுவது? வவுனியாவிலிருந்து வந்த தம்பிக்கு

தம்பி, ஊரிலிருந்து வந்து இரண்டரை மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். அக்கா குடும்பம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு சிறு குளம். அதில் முன்பு இருந்தவர்கள் விட்டுச்சென்ற ஒன்பது மீன்கள். அவற்றைப் பார்க்கும் பொறுப்பு உங்களிடம். குளிர் தொடங்கிவிட்டது, இனி நாளுக்கு எத்தனை தடவை என்ன தீன் போடுவது, நீர் உறைந்தால் மீன்களை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளத்து நீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து, வசந்தத்தில் அது மறுபடி ஏறி நிலைக்கும்வரை ஒன்றும் போடாதீர்கள். ஒரு பருக்கைகூட வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினம். கோவில் கேணிக்குப் போனால் கையில் பொரி இல்லாமல் போனதில்லை. வீட்டு வாசலுக்கு வந்த நாயைக்கூட வெறும் வயிற்றோடு அனுப்பிப் பழக்கமில்லை. ஐந்தாறு மாதம் ஓர் உயிரைப் பட்டினி போடச் சொல்கிறாளே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மனிதர், மாடு, நாய்க்கெல்லாம் இருக்கும் உடற்சூடு மீனுக்குத் தனக்கென்று கிடையாது. நீரின் சூடுதான் அதன் சூடு. நீர் குளிரக் குளிர அதன் இதயத் துடிப்பும், மூச்சும், செரிமானமும் மெதுவாகின்றன. கோடையில் சில மணி நேரத்தில் செரித்துவிடும் தீன் குளிர்நீரில் நாட்கணக்காகக் குடலில் கிடக்கும். இங்கே குளங்களில் வளர்க்கும் கோய் என்ற அலங்காரக் கெண்டை மீனுக்கும் தங்கமீனுக்கும் இரைப்பை என்று தனியாக ஒன்று இல்லை, நீண்ட குடல் மட்டும்தான். போட்டதை அங்கே சேர்த்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அந்த நிலையில் அவற்றுக்குத் தேவைப்படும் சக்தி மிகவும் குறைவு. ஓகஸ்ட், செப்டம்பரில் நன்றாகத் தின்று உடம்பில் சேர்த்த கொழுப்பே பனிக்காலம் முழுவதற்கும் போதும்.

நீருக்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனிலும் உண்டாகும் அமோனியாவை மாற்றிவிடும் நல்ல பக்டீரியாக்கள் வடிகட்டியிலும் கல்லிடுக்கிலும் வாழ்கின்றன. குளிரில் அவையும் சோர்ந்துவிடும். தின்னாமல் விட்ட தீன் அடியில் அழுகும், நஞ்சு சேரும், சுத்தம் செய்ய ஆள் இருக்காது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குளம் வெட்டிய இரண்டாம் வருடம் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். நவம்பர் நடுவில் மூன்று நாள் நல்ல வெயில் அடித்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மா குளத்தடியில் போய் நின்றிருக்கிறார். நிழலைக் கண்டதும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கின்றன. பசியில் கேட்கின்றன என்று நினைத்து, முதல்நாள் சோற்றைப் பிசைந்து மூன்று நாளும் போட்டிருக்கிறார். மீன்களும் தின்றன. நாலாம் நாள் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போனது. ஏப்ரலில் பனிக்கட்டி விலகியபோது மூன்று கோய் மீன்கள் வயிறு வீங்கி மிதந்தன. அடியில் சோறு வெள்ளைச் சளிபோலப் படிந்திருந்தது. அதை வாளியில் அள்ளியபோது எழுந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

மீன் மேலே வந்து வாயைத் திறப்பது பழக்கத்தால். கோடை முழுவதும் உங்கள் கையையும் காலடி அதிர்வையும் தீனோடு சேர்த்து அறிந்துவைத்திருக்கிறது. அதைப் பசி என்று எண்ணிவிடாதீர்கள். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இடையிடையே இளகல் வரும், இரண்டு நாள் பனி உருகி ஓடும். அப்போதுதான் கை துறுதுறுக்கும். அந்த நாட்களில் தீன் டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

இப்போது ஒக்ரோபர் நடு. இன்றே ஒரு குள வெப்பமானி வாங்குங்கள், விலை அதிகமில்லை. மேற்பரப்பில் மிதக்கவிடாமல் கயிற்றில் கட்டி நடு ஆழத்தில் தொங்கவிடுங்கள். காற்றின் வெப்பத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நீர் காற்றைவிடத் தாமதமாகத்தான் மாறும். 15 பாகைக்கு மேலே இருந்தால் வழக்கமான தீன் போடலாம். 15க்கும் 10க்கும் இடையில் கோதுமை முளை சேர்ந்த தீனுக்கு மாறுங்கள், பொதியில் 'வீட் ஜேர்ம்' என்று எழுதியிருக்கும். புரதம் மிகுந்த கோடைத் தீனைவிட அது குளிர்நீரில் எளிதாகச் செரிக்கும். நாளுக்கு ஒரு தடவை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். 10ஐ நெருங்கும்போது அடுத்த வாரக் காலநிலையையும் பாருங்கள். இன்று தின்றது செரிக்கச் சில நாள் வேண்டுமல்லவா? கடும் குளிர் வருகிறது என்றால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா என்பதைக் குளத்தின் ஆழம்தான் தீர்மானிக்கும். ஒரு நீளத் தடியை இறக்கி அளந்து பாருங்கள். நீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும். ஆகவே அந்த நீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து பனிக்கட்டியாகிறது. ஒரு ஜனவரியில் வெளியே மைனஸ் 20 இருந்தபோது என் குளத்து அடியில் கட்டிவைத்த வெப்பமானி 4 பாகை காட்டியது. அந்த அடித்தளத்தில்தான் மீன்கள் அசையாமல், செட்டைகளை மெல்ல ஆட்டியபடி கிடக்கும். என் குளம் நாலரை அடி. கோய் மீனுக்கு நாலடிக்குக் குறைந்தால் நான் துணியமாட்டேன். தங்கமீன் இரண்டரை, மூன்று அடியிலும் தாக்குப்பிடிக்கும்.

உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையென்றால் வாயோரத்தைப் பாருங்கள். மேலுதட்டின் இருபுறமும் சின்ன மீசை தொங்கினால் கோய், இல்லையென்றால் தங்கமீன். இது முக்கியமான வேறுபாடு. ஒட்சிசன் இல்லாத நீரில் தங்கமீன் தன் உடம்பில் சேரும் லக்டிக் அமிலத்தை அற்ககோலாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டு நாட்கணக்கில் உயிர் தப்பும். கோய்க்கு அந்த வரம் இல்லை.

ஆழம் போதாது என்றால் நிலக்கீழ் அறையிலோ வாகனக் கொட்டகையிலோ பெரிய தொட்டி வைத்து, வடிகட்டியும் காற்றுக் குழாயும் போட்டு வளர்க்க வேண்டும். அங்கே நீர் 17, 18 பாகையில் நிற்குமானால் மீன் விழித்திருக்கும், பசிக்கும். அப்போது தீன் போடத்தான் வேண்டும். வீட்டுக்குள்ளும் வெளியேயும் வெப்பமானி சொல்வதுதான் கணக்கு. தொட்டியைக் குழாய்நீரால் நிரப்பும்போது கவனம். ரொறன்ரோ நீரில் கிருமி கொல்லக் குளோரமைன் சேர்க்கிறார்கள், அது மீனுக்கு நஞ்சு. ஒரு இரவு திறந்துவைத்தால் போய்விடும் என்று ஊரில் குளோரினுக்குச் சொல்வார்களே, இது அப்படிப் போகாது. அதை முறிக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே மீனை விடுங்கள்.

அடுத்து இலைகளைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் இரண்டு வாரத்தில் குளத்தை மூடிவிடும். இலை அடியில் அழுகினால் ஒட்சிசனை உறிஞ்சி நச்சுவாயுவை விடும். இப்போதே வலை கட்டுங்கள். ரக்கூன்களுக்கும் அது ஓரளவு தடை.

பனிக்கட்டி மூடியபின் ஒரு துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும், கெட்ட வாயு வெளியேறுவதற்கு. மிதக்கும் ஹீற்றர் ஒன்று, அல்லது காற்றுப் பம்பின் கல்லை ஓர் அடி ஆழத்தில் தொங்கவிடுவது. கல்லை அடியில் போடாதீர்கள். அது அடியிலிருக்கும் 4 பாகை நீரை மேலே கலக்கிக் குளத்தையே குளிர்த்திவிடும். மின் இணைப்பு ஈரத்தில் தானாகத் துண்டித்துக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். மின்சாரம் நின்று துளை மூடிவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள், அந்த அதிர்ச்சி நீருக்குள் பரவி மீனைத் தாக்கும். ஒரு சட்டியில் கொதிநீர் ஊற்றி பனிக்கட்டிமேல் வையுங்கள், அது தானாக உருக்கிக்கொண்டு இறங்கும். சட்டிக் காதில் கயிறு கட்ட மறக்க வேண்டாம். நடைபாதைக்குத் தூவும் உப்பும் குளத்துக்குள் போகக்கூடாது.

வசந்தத்தில் இதைவிடப் பொறுமை வேண்டும். மார்ச்சில் பனிக்கட்டி உருகியதும் மீன்கள் நீந்தத் தொடங்கும். அப்போது அவை மெலிந்து, நோய் எதிர்க்கும் பலம் குறைந்திருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனாலும் நீர் ஒரு வாரம் தொடர்ந்து 10 பாகைக்கு மேலே நிற்கும்வரை பொறுங்கள். என் குளத்தில் அது ஏப்ரல் கடைசியில்தான் வரும். முதல் தீன் ஒரு சிட்டிகை, அதுவும் கோதுமை முளைத் தீன்.

இன்னொன்று. இந்த வேலையெல்லாம் முடியாது என்று அக்கா சொன்னால், மீனைக் கொண்டுபோய்ப் பக்கத்து மழைநீர்க் குளத்திலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவில் அப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி, அடியைக் கிளறி நீரைக் கலக்கி, இங்குள்ள மீன்களின் வாழ்விடத்தைக் கெடுக்கின்றன. குளம் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுக்கலாம், என் குளத்தில் இன்னும் நாலைந்துக்கு இடம் இருக்கிறது.

ஆழத்தை அளந்து, மீசையைப் பார்த்து, இன்று நீர் எத்தனை பாகை என்பதையும் எழுதுங்கள். இலைவலை என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, பன்னிரண்டுக்குப் பத்து அடி. இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம்.