பெரியம்மாவை முழுசாக அனுப்பிய வீடு

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறேன். வயது 33, இன்னும் கலியாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு (64) சீனி வருத்தத்தால் இரண்டு கிட்னியும் பழுதாகி, இரண்டு வருடமாகக் கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். பி குரூப், காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார். நான் கொடுக்கிறேன் என்றால் அம்மா அழுது தடுக்கிறார். அண்ணாவுக்கும் (36) சீனி எல்லையில் இருக்கிறதாம். ஊரில் காசுக்கு ஆள் பிடிக்கலாம் என்கிறார் மாமா. நாங்கள் பாசமான குடும்பம். நாலு வருடத்துக்கு முன் பெரியம்மா மூளையில் இரத்தம் கசிந்து ஐ.சி.யு.வில் இருந்தபோது நேர்ஸ் உறுப்புத் தானம் கேட்டார். முழுசாக அனுப்பவேணும் என்று மறுத்துவிட்டோம். அடுத்த மாதம் அவருடைய திவசத்துக்கு எல்லோரும் கூடுகிறோம். நான் என்ன செய்ய?

பதில்: பாசத்துக்குச் சாட்சி என்று பெரியம்மாவின் கதையைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அன்று நீங்கள் தலையாட்டியிருந்தால் இரண்டு பேர் டயலிசிஸ் கதிரையை விட்டு எழும்பியிருக்கலாம். இன்று உங்கள் அப்பா எதற்காகக் காத்திருக்கிறார்? முன்பின் தெரியாத ஒரு குடும்பம், அதே மாதிரி ஒரு சின்ன அறையில், டிஷ்யூப் பெட்டிக்கு முன்னால் அழுதுகொண்டு, “ஓம், எடுங்கோ” என்று சொல்வதற்காக. வாங்குகிற வரிசையில் நிற்கலாம், கொடுக்கிற வரிசையில் நிற்க மாட்டோம் என்பதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

இங்கிலாந்தில் 2020 மே 20 முதல், வேண்டாம் என்று பதியாத வயதுவந்தவர்கள் பெரும்பாலும் தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். ஆனாலும் நேர்ஸ் குடும்பத்தைக் கேட்டுத்தான் செய்வார். நீங்கள் விடாப்பிடியாக மறுத்தால் நடக்காது. உறுப்புக் கொடுக்கக்கூடிய நிலையில் இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தார்.

உறுப்பு எடுப்பது ஆபரேஷன் தியேட்டரில், சத்திரசிகிச்சை நிபுணரின் கையால். பிறகு தைத்து மூடித்தான் தருவார்கள். குளிப்பாட்டலாம், சேலை உடுத்தலாம், பெட்டியைத் திறந்து வைத்து வாய்க்கரிசி போடலாம். அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பார் என்று பயப்படுகிறவர்கள், இரண்டு கண்ணையும் கொடுக்கத் துணிந்த கண்ணப்பருக்கு எதற்குப் பூப்போடுகிறார்கள்?

பி குரூப்காரருக்கு பி அல்லது ஓ கிட்னிதான் பொருந்தும். பி குரூப் வெள்ளைக்காரரிடம் குறைவு, நம்மவரிடம் அதிகம். திசுப் பொருத்தமும் ஒரே இனத்தவருக்குள் கிடைக்கத்தான் வாய்ப்புக் கூட. நம்மவர் மறுக்க மறுக்க நம்மவரின் வரிசைதான் நீளும்.

இனி உங்கள் கிட்னி. பெற்ற பிள்ளை கொடுத்தே தீரவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது கடமையில்லை, உங்கள் விருப்பம். அதற்கு முன் ஒன்று: அழுகிற அம்மா தன்னைச் சோதித்துப் பார்த்தாரா? அவருடைய இரத்த குரூப்பைக்கூட நீங்கள் எழுதவில்லை. கணவருக்குக் கொடுப்பதில் முதல் முறை மனைவியுடையது என்பது என் கட்சி. வயது மட்டும் தடையில்லை. குரூப் பொருந்தாவிட்டால், இதே சிக்கலில் உள்ள இன்னொரு சோடியோடு மாற்றிக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு நாலு முறை பொருத்தம் பார்க்கிறார்கள். அதற்கும் வழியில்லை என்றால் நீங்கள் போங்கள். அப்பாவுக்குச் சீனி என்பதால் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிப்பார்கள். கொடுப்பவர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய 3,000 பேரில் ஒருவருக்கு. பிறகு பிள்ளை பெறலாம், ஆனால் கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்புச் சற்றுக் கூடும், அதைக் கேட்டுத் தெளியுங்கள். இழக்கிற சம்பளத்தை என்.எச்.எஸ். (இங்குள்ள அரச சுகாதார சேவை) திருப்பித் தரும், ஆபரேஷனுக்கு முன்னமே விண்ணப்பிக்கவேண்டும். யாராவது உங்களை நெருக்கினார்களா என்று அறிய, வெளியாள் ஒருவர் உங்களையும் அப்பாவையும் தனித்தனியாகப் பேட்டி எடுப்பார். அங்கே உள்ளதைச் சொல்லுங்கள்.

மாமாவை வாய் மூடச் சொல்லுங்கள். 2022 ஜூலை முதல், இங்கு வசிப்பவர் வெளிநாட்டில் போய் உறுப்பு வாங்கினாலும் இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம்.

அண்ணா. ‘எல்லை’ என்றால் எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) 42க்கும் 47க்கும் இடையில். 48 வந்தால் சீனி வருத்தம். வெள்ளைக்காரருக்கு உள்ள எடைக் கணக்கு நமக்குச் சரிவராது. பி.எம்.ஐ. 23 தாண்டினாலே, ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே கவனம். இரத்தத்தில் கிரியாட்டினின் சரி என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். கிட்னி பாதி போன பிறகும் அது சரியென்றே காட்டலாம். சீனியால் வரும் பழுதில் முதலில் சலத்தில் கசிவது பெரும்பாலும் அல்புமின் என்ற புரதம். காலையில் எழும்பியதும் போகும் முதல் சலத்தைச் சின்னப் போத்தலில் எடுத்து, ஏ.சி.ஆர். (அந்த அல்புமின் கசிவை அளக்கும் சோதனை) பார்க்கச் சொல்லி ஜீ.பி.யிடம் (குடும்ப வைத்தியரிடம்) கொடுக்கவேண்டும், 3க்குக் கீழே இருக்கவேண்டும். அப்பாவுக்குக் கிட்னி போயிருப்பதால் நீங்களும் கேட்கலாம். பிரஷரையும் பாருங்கள். இடுப்புவலிக்கு ஐபுபுரோஃபென் விழுங்கும் பழக்கம் அண்ணாவுக்கு இருந்தால் நிறுத்தட்டும்.

திவசத்தன்று படையல் முடிந்து சாப்பிட்டபின், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு போனில் என்.எச்.எஸ். ஆப்பைத் திறந்து உங்கள் முடிவைப் பதியுங்கள். உங்கள் சமய நம்பிக்கையைப் பற்றி என்.எச்.எஸ். ஊழியர்கள் வீட்டாரோடு பேசவேண்டும் என்று குறிக்கவும் அதில் இடமுண்டு. பிறகு போனை அம்மாவின் கையில் கொடுங்கள்.