விரிச்சி என்றால் என்ன? குறி கேட்பதும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை, இரண்டும் வேறு. உரைகளில் 'நற்சொல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதால் பள்ளியில் படிக்கும்போது நானும் ஏதோ சங்ககால ஜோசியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

குறி என்றால் சொல்வதற்கென்று ஓர் ஆள் இருப்பார், நாம் போய்க் கேட்போம், தட்சணை வைப்போம். விரிச்சியில் சொல்கிறவருக்கே தான் சொன்னது தெரியாது. ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு ஊர்ப்புறத்தில் போய் நின்று, யாரோ யாரிடமோ எதையோ பேசுவது காதில் விழும்வரை காத்திருந்து, விழுந்த சொல் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதுதான் விரிச்சி. அதோடு சேர்ந்து வரும் வினைகளையே பாருங்களேன்: விரிச்சி நிற்றல், விரிச்சி ஓர்த்தல். நிற்க வேண்டும், காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முல்லைப்பாட்டில் இது முழுக் காட்சியாகவே இருக்கிறது. தலைவன் போருக்குப் போயிருக்கிறான். வயதான பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு நிற்கிறார்கள். பக்கத்தில் சின்னக் கயிற்றில் கட்டிய கன்று தவிக்க, குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடைப்பெண் 'இன்னே வருகுவர் தாயர்', இப்போதே உன் அம்மா வந்துவிடுவாள் என்று அதைத் தேற்றுகிறாள். பேச்சு கன்றோடுதான். ஆனால் கிழவிகளுக்கு அந்த 'வருகுவர்' போதும், நல்ல சொல் கேட்டோம், தலைவன் வந்துவிடுவான் என்று தலைவியிடம் வந்து சொல்கிறார்கள். (அதைக் கேட்டும் அவள் அழுகை நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.)

தொல்காப்பியத்தில் வெட்சித் திணையிலும் 'பாக்கத்து விரிச்சி' உண்டு, ஆநிரை கவரக் கிளம்பிய படை வழியில் கேட்பது. குறுந்தொகை 218-இல் ஒருத்தி, சூலிக்கு (கொற்றவைக்கு) நேர்த்திக்கடன் வேண்டாம், கையில் நூல் வேண்டாம், புள் நிமித்தம் வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே வந்து 'விரிச்சியும் நில்லாம்' என்பாள். எனக்குப் பிடித்த இடம் அது.

சொல் இன்று பேச்சில் இல்லை. பழக்கம் போய்விட்டதா என்றால், கல்யாணப் பேச்சின் நடுவே கோயில் மணி அடித்தால் 'மணி அடிக்குது பாரு' என்று முகம் மலர்கிறார்களே, அது என்ன? நான் முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்று அடுத்த வீட்டுக்காரர் போனில் 'அது வேலைக்கு ஆகாதுப்பா' என்று சத்தமாகச் சொல்ல, அப்பத்தா என்னைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, பத்து நிமிடம் கழித்துத்தான் அனுப்பினார். அடுத்த வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தது கிணற்று மோட்டாரைப் பற்றி.