காப்பீட்டு நிபந்தனையும் கிடைக்கும் சிகிச்சையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருக்கிறது. அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய். பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு 8,000 ரூபாய் அறையில் 4 நாள் இருந்தேன். பில் 2 லட்சம். வாடகையில் கூடுதலான 12,000 ரூபாயைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்தேன், 75,000 பிடித்துவிட்டார்கள். இது சரியா?
- மதுரை வாசகர்

பதில்: 75,000-இல் 57,000 ரூபாயைப் பிடித்தது பாலிசி விதிப்படி சரிதான். மீதி 18,000 உங்களுக்கு வரவேண்டிய பணம் போலத் தெரிகிறது.

பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாம் சேர்ந்து உயரும். அரங்கும் மருத்துவரும் அவர்களேதான், விலைப்பட்டியல் மட்டும் வேறு. அதனால் காப்பீட்டு நிறுவனம் 5,000-ஐ 8,000-ஆல் வகுத்து, இந்தக் கட்டணங்களிலும் 62.5 சதவீதத்தை மட்டும் தருகிறது.

ஆனால் இந்த விகிதக் கழிவை முழு பில்லுக்கும் போடக்கூடாது. மருந்து, பயன்படுத்தி எறியும் பொருள்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் கொண்டுவந்த விதி. ஐசியூ கட்டணத்துக்கும் பொருந்தாது. அறைக்கு அறை கட்டணத்தை மாற்றாத மருத்துவமனை என்றால் கழிக்கவே முடியாது.

நீங்கள் அனுப்பிய பில்படி கணக்கு இது. வாடகை 32,000-க்கு 20,000 கிடைக்கும். மருத்துவர், அரங்கம், செவிலியர் கட்டணம் 1,20,000-க்கு 75,000. மருந்து 30,000, பரிசோதனை 18,000 இரண்டும் முழுமையாக. மொத்தம் 1,43,000. உங்களுக்கு வந்தது 1,25,000. அதாவது முழு பில்லையும் 62.5 சதவீதத்தால் பெருக்கியிருக்கிறார்கள். கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, பாலிசி பணம் தராத செலவுகள் பில்லில் இருந்தால், உங்களுக்கு வரவேண்டிய 18,000-இல் அந்த அளவு மட்டும் குறையும்.

எந்தத் தலைப்பில் எவ்வளவு கழித்தார்கள் என்ற விவரத்தைக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையின் அறைவாரிக் கட்டணப் பட்டியலையும் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை பாலிசி வாங்கும்போது காப்பீட்டுத் தொகைக்கு முன்னால் அறை வாடகை வரியைப் படியுங்கள். நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்ற வரம்புள்ள 10 லட்ச பாலிசியைவிட வாடகை வரம்பே இல்லாத 5 லட்ச பாலிசி பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கேஷ்லெஸ் பட்டியலில் இருந்தால் அது தரமான மருத்துவமனை என்று நம்பலாமா?

பதில்: நம்பக்கூடாது. காப்பீட்டு நிறுவனமே பில்லை நேரடியாகக் கட்டும் மருத்துவமனைகளின் அந்தப் பட்டியல், பெரும்பாலும் இருவருக்கும் இடையிலான விலை ஒப்பந்தத்தைத்தான் காட்டுகிறது. இன்ன அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் தொகை பேசியிருப்பார்கள். அந்தத் தொகைக்குள் மிச்சப்படுத்துவது மருத்துவமனைக்கு லாபம். தேவையற்ற பரிசோதனை குறையும் என்பது இதன் நல்ல பக்கம். ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பவும், மலிவான கருவியைப் பொருத்தவும் தூண்டும் என்பது கெட்ட பக்கம். பேக்கேஜ் இல்லாத பில்லில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு பரிசோதனையும் வருமானம்.

சேர்வதற்கு முன்பு கேளுங்கள்: மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் என்ஏபிஹெச் அமைப்பின் முழு அங்கீகாரமா, தொடக்க நிலைச் சான்றிதழா? இந்த அறுவை சிகிச்சையை அந்த மருத்துவர் மாதம் எத்தனை செய்கிறார்? இரவில் ஐசியூவில் மருத்துவர் இருப்பாரா? ஸ்டென்ட்டோ செயற்கை மூட்டோ பொருத்தினால் அதன் பெயர், தொகுதி (பேட்ச்) எண் உள்ள ஸ்டிக்கரை வாங்கி டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஆர்டிஏஐயின் 2024 விதிப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் முடிவு சொல்லவேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்கவேண்டும். மாலைவரை காத்திருக்க வைத்து ஒரு நாள் வாடகை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. 20 சதவீதம் கோ-பே உள்ள பாலிசிக்கு பிரீமியம் குறைவு. எடுக்கலாமா?

பதில்: 3 லட்ச ரூபாய் பில்லுக்கு 60,000 உங்கள் கையிலிருந்து போகும். அந்தத் தொகை எப்போதும் எடுக்கக்கூடிய வைப்பில் இருக்கிறது என்றால் எடுக்கலாம். வாடகைக் கழிவைப் போல் அல்லாமல், கோ-பேயை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட முடியும்.

அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970-களில் தொடங்கி 1982 வரை நடத்திய பெரிய ஆய்வு இதைத்தான் பார்த்தது. கையிலிருந்து பங்கு கட்டவேண்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்தார்கள். ஆனால் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்துக் குறைத்தார்கள். இலவச சிகிச்சை பெற்ற ஏழை ரத்த அழுத்த நோயாளிகளுக்குத்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. நம் ஊரிலும் இதே ஆபத்து உண்டு. பெரும்பாலான பாலிசிகள் வெளிநோயாளி செலவைத் தருவதில்லை. மாத்திரையைக் குறைத்தால் சிறுநீரகமும் காலும் பழுதான பிறகுதான் பாலிசி வேலைக்கு வரும்.

ஆகவே மிச்சமாகும் பிரீமியத்தை ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனைக்கும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின் பரிசோதனைகளுக்கும் ஒதுக்குங்கள். மாத்திரைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கலாம். இரண்டு நோய்களையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அவற்றுக்கான காத்திருப்பு காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மறைத்தால் கிளைம் நிராகரிக்கப்படும்.

கேள்வி: காய்ச்சலுக்கு மாத்திரை போதும் என்கிறார் டாக்டர். "ஒரு நாள் அட்மிட் ஆனால் டெஸ்ட் செலவு கிளைமில் வந்துவிடும்" என்கிறார் மருத்துவமனை ஊழியர். ஆகலாமா?

பதில்: வேண்டாம். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதை பாலிசிகளின் பொது விலக்கே தடுக்கிறது. உள்நோயாளி குறிப்பேட்டில் மாத்திரை மட்டுமே எழுதியிருந்தால் நிராகரிப்பார்கள். 24 மணி நேரம் படுத்திருந்தது உதவாது. தேவையில்லாமல் கையில் ஊசி ஏற்றிக்கொள்வதும் மருத்துவமனைத் தொற்றும்தான் மிச்சம். ஆனால் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று வந்தாலும், குறிப்பாகக் காய்ச்சல் இறங்கும் நாள்களில், டெங்கு அபாயமாக எண்ணி உடனே சேர்ந்துவிடுங்கள். பாலிசி அட்டையைப் பிறகு தேடலாம்.